மடையடி விசாரணை

சிங்காரவேலு பேசினால் பக்கத்துத் தெருவுக்கும் விஷயம் தெரிந்துவிடும். அக்கரைப்பேட்டைக் கடற்கரையில் பிறந்தவர். காற்றும் அலையும் இரைகிற இடத்தில், படகின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு சொல் போய்ச் சேர வேண்டுமென்றால் தொண்டையைத் திறந்துதான் ஆக வேண்டும். அப்பா அப்படித்தான் பேசினார். மீன் விற்ற அம்மாவும் அப்படித்தான். அந்தக் குப்பத்திலிருந்து பரீட்சை எழுதித் தேறி வருவாய்த் துறையில் அதிகாரியான முதல் ஆள் சிங்காரவேலு. வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும் குரல் மட்டும் கரையேறவில்லை.

1973-இல் குடவாசலில் குத்தகைப் பதிவுக்கென்று ஒரு வாடகை வீட்டில் அலுவலகம் திறந்து, அவரைத் துணைத் தாசில்தாராகப் போட்டார்கள். சட்டத்தின் சாரம் இவ்வளவுதான்: அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர் யாரோ, அவர் பெயர் சர்க்கார் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறிவிட்டால் நிலக்காரர் நினைத்த மாத்திரத்தில் அவரை இறக்கிவிட முடியாது. ஆனால் அந்தப் பக்கத்துக் குத்தகையெல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. ரசீது கிடையாது, பத்திரம் கிடையாது. “நான்தான் உழுகிறேன்” என்று உழுகிறவர் வாயால் சொன்னால்தான் உண்டு. கீழத்தஞ்சையில் நெருப்பும் அரிவாளும் பேசி ஓய்ந்து நாலைந்து வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அப்படிச் சொல்வதற்கு வாய் வருவது சின்ன விஷயமா என்ன?

செம்பியநத்தத்தில் நாற்பத்தோரு குடும்பங்கள் ஒரே நிலக்காரரின் வயல்களை உழுதன. நிலக்காரர் கும்பகோணத்தில் இருந்தார். ஊரில் அவருக்காக எல்லாம் பார்த்துக்கொண்டவர் காரியஸ்தர் கண்ணுசாமி. “எல்லாமே சொந்த சாகுபடி. இவர்கள் கூலியாட்கள்” என்று கண்ணுசாமி முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆவணி மாதம் சிங்காரவேலு அங்கே விசாரணைக்குப் போனார். எந்த அதிகாரி வந்தாலும் பண்ணை வீட்டுக் கூடத்தில்தான் நாற்காலி போடுவார்கள். அவருக்கும் அங்கேயே போட்டார்கள். கண்ணுசாமி நீர்மோர் கொடுத்தார். தட்டச்சர் அம்சம் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் குறிப்பெடுக்க உட்கார்ந்தாள். குத்தகைக்காரர்கள் வாசலுக்குக் கீழே வெயிலில் நின்றார்கள்.

“பேரு? எந்த வயலு? எத்தனை வருசமா உழுவுறே? ஆதாரம் இருக்கா? இருக்கா இல்லையா, வாயைத் தொறந்து சொல்லுய்யா!”

முதலில் வந்த வைரக்கண்ணுவுக்கு ஐம்பது வயதிருக்கும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். “நான் கூலிக்காரனுங்க, எசமான்.”

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். சிங்காரவேலுவுக்குக் கோபம் ஏற ஏற குரல் ஏறியது. குரல் ஏற ஏற பதில் சுருங்கியது. இடையில் அம்சம் ஒரு சர்வே நம்பரை மாற்றி எழுதிவிட்டாள். “காது இருக்கா இல்லையா உனக்கு? படிச்சுட்டுத்தானே வேலைக்கு வந்தே?” என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அம்சம் தலை நிமிராமல் அடித்துத் திருத்தினாள். நாற்பத்தோரு பேரும் கூலிக்காரர்கள் என்று எழுதி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கண்ணுசாமி இன்னொரு செம்பு மோர் கொண்டுவரச் சொன்னார்.

அந்த மாதக் கடைசியில் தஞ்சாவூரில் கூட்டம். ஒவ்வொரு அதிகாரியும் எத்தனை பெயர் பதிந்தார் என்று மேலதிகாரி படித்துக்கொண்டே வந்தார். சிங்காரவேலுவின் பெயரில் நிறுத்தினார்.

“சட்டத்தை உங்க அளவுக்கு மனப்பாடமா சொல்ல இந்த ஹால்ல ஆள் கிடையாது. அப்புறம் ஏன் உங்க கட்டத்துல மட்டும் பூஜ்யம்?”

யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். ஊருக்குத் திரும்புகிற பஸ் முழுக்க அந்தச் சிரிப்பு கூடவே வந்தது. ஒரு பைசாவுக்கும் கை நீட்டாதவன், யாருக்கும் வளையாதவன், இந்த ஜனங்களுக்காகவே மல்லுக்கட்டுகிறவன். அவர்களோ வாயைத் திறக்க மாட்டேனென்கிறார்கள். தப்பு யாருடையது?

அலுவலகத்துக்கு வந்தால் மேஜைமேல் ஒரு தாள். அம்சத்தின் மாறுதல் விண்ணப்பம். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று போட்டிருந்தது. அழைத்தார்.

“என்னம்மா இது?”

“ஒன்னுமில்ல சார்.”

“ஒன்னுமில்லாமயா மாறுதல் கேப்பாங்க?”

அம்சம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “இப்ப வெளியில எல்லாரும் வேலையை நிறுத்திட்டாங்க. கவனிச்சீங்களா சார்?”

அவர் காது கொடுத்தார். உண்மைதான். அடுத்த அறையில் இரண்டு எழுத்தர்கள் இருந்தார்கள். ஒரு தாள் புரள்கிற சத்தம்கூட இல்லை.

“சொல்லணும்னா சொல்றேன் சார். கோவிச்சுக்கக் கூடாது. எங்கப்பா பண்ணையில வேலை பாத்தவரு. கணக்கப்பிள்ளை சத்தம் போட்டா அப்பா எல்லாத்துக்கும் இல்லைன்னுதான் சொல்வாரு. பசிக்குதாடான்னு கேட்டாலும் இல்லைன்னுதான். சத்தத்துக்கு அவரு வச்சிருந்த பதில் அது ஒன்னுதான். அன்னிக்கு வைரக்கண்ணு உங்களுக்குச் சொன்ன பதிலும் அதுதான் சார்.”

“நான் அவங்களுக்காகத்தானே கத்துறேன்!”

“அது உங்களுக்குத் தெரியும் சார்.”

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “சரி, போ” என்றார். அவள் போனதும் டீ கொண்டுவந்தார் கூத்தாநல்லூர்க்காரரான பியூன் ஜெக்கரியா. சிங்காரவேலு அவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் பாய், நான் பேசுனா கோவமா பேசுற மாதிரியா இருக்கு?”

ஜெக்கரியா டம்ளரை வைத்துவிட்டு யோசித்தார். “சார் மனசுல ஒன்னும் கிடையாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அது தெரிய எனக்கு ஆறு மாசம் ஆச்சு. அந்த ஜனங்களுக்கு ஆறு நிமிசம்தானே சார் கெடைக்குது.”

டீ ஆறிப்போனது. சிங்காரவேலு எடுத்துக் குடிக்கவில்லை. அவருக்கு அம்மாவின் நினைவு வந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு சான்றிதழ் வாங்க அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு சர்க்கார் அலுவலகத்துக்கு அம்மா போயிருந்தாள். கரையில் நின்று கூப்பிட்டால் கடலில் கேட்கிற குரல் அவளுக்கு. ஜன்னலுக்கு உள்ளே இருந்த ஆள் ஒரு அதட்டு அதட்டினான். “உன் அப்பன் பேரு என்ன?” என்று கேட்டதற்கு அம்மா, “தெரியாதுங்க” என்றாள். சொந்தத் தகப்பன் பெயர்! வெளியே வந்து மணலில் கால் வைத்த பிறகுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது, வெட்கத்தோடு சிரித்தாள். அந்த ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவனை இத்தனை வருடமாக வெறுத்து வந்தார் சிங்காரவேலு. செம்பியநத்தத்துக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது யார்?

மறுநாள் காலை எல்லோரும் வந்தபின் நடு அறைக்கு வந்து நின்றார். கடல் கொந்தளிக்கும்போது படகேறியவர், இதற்குப் பயந்தார்.

“அம்சம், அன்னிக்குச் செம்பியநத்தத்துல எல்லார் முன்னாலயும் உங்களைச் சத்தம் போட்டேன். நம்பர் மாறுனது சின்ன விஷயம். நான் பேசுனது தப்பு. எல்லார் முன்னாலயும் செஞ்சதை எல்லார் முன்னாலயும் சொல்றதுதான் முறை. மன்னிச்சுக்குங்க.”

எழுத்தர்கள் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார்கள். அவர் அவளை ‘நீங்க’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“மாறுதல் உங்க இஷ்டம். இப்பவே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போட்டுடுறேன். செம்பியநத்தத்துக்கு இன்னொரு தடவை போகணும். அதுவரைக்கும் இருப்பீங்களா?”

“இருக்கேன் சார்” என்றாள் அம்சம். கொஞ்சம் தயங்கி, “ஆனா அந்தக் கூடத்துல வேணாம் சார்” என்றாள்.

“வேற எங்க?”

“வயலுக்கே போயிடலாம். வயல்ல நின்னா அவங்களுக்குக் கை கால் வரும்.”

ஏற்பாடு ஒன்றும் செய்துகொண்டார்கள். அவர் குரல் ஏறினால் அம்சம் குறிப்பு நோட்டில் பென்சிலால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். முதல் வாரத்தில் பென்சில் ஓயவில்லை. ஒரு ஊர்க் கர்ணத்திடம் அடங்கல் என்கிற சாகுபடிக் கணக்கைக் கேட்கப் போன இடத்தில், தட்டத் தட்ட அதையும் மீறிக் கத்திவிட்டு, பாதி வழியில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய் அந்த மனிதரிடம் வருத்தம் சொல்லிவிட்டு வந்தார். ஒரு சின்ன ஊரில் சோதனையாகக் களத்துமேட்டில் உட்கார்ந்து பேசிப் பார்த்தார். பதினொரு பெயர்கள் கிடைத்தன. கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நாக்கு துறுதுறுத்தது. பதில் வருவதற்கு முன்பே அடுத்த கேள்வி வாசலில் வந்து நின்றது. அதைப் பல்லைக் கடித்து நிறுத்தப் பழகினார்.

புரட்டாசியில் செம்பியநத்தத்துக்குத் தாக்கீது போயிற்று. விசாரணை இடம்: தெற்கு வாய்க்கால் மடையடி.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த சமயம். வயலெல்லாம் தண்ணீர். ஊர் முகப்பில் இரண்டு கட்சிக்கொடி பறந்த இடத்தில் இப்போது மூன்றாவதும் ஏறியிருந்தது. சிங்காரவேலு செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்து போய், வாய்க்கால் கரையில் புல்தரையில் உட்கார்ந்தார். ஜெக்கரியா கொண்டுவந்த மடக்கு நாற்காலியை விரிக்கவேயில்லை. “எல்லாரும் உக்காருங்க” என்றார். யாரும் உட்காரவில்லை. அவர் எழுந்து நின்றுகொண்டார். “அப்ப நானும் நிக்கிறேன்.” ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெல்ல மெல்லக் குந்தினார்கள். அவரும் உட்கார்ந்தார்.

கண்ணுசாமி குடையோடு வந்தார். அதிகாரி தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு எங்கே நிற்பதென்றே தெரியவில்லை. போன தடவை இந்த ஆள் எப்படிக் கொதித்தார் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. இன்றைக்கும் கொதிக்க வைத்தால் விசாரணை கலைந்துவிடும் என்று கணக்குப் போட்டார் போலிருக்கிறது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“கருவாட்டுக் கூடை தூக்குன வூட்டுலேர்ந்து வந்தவங்களுக்கு நெல்லு வெளையுற பூமியைப் பத்தி என்ன சார் தெரியப்போவுது?”

சிங்காரவேலுவுக்குக் காது இரண்டும் சுட்டன. நெஞ்சிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்தது. அம்சத்தின் பென்சில் தட்டவில்லை, அப்படியே நின்றது. அப்போதுதான் அவர் ஒன்றைப் பார்த்தார். குந்தியிருந்த நாற்பத்தோரு பேரில் ஒருவர்கூடக் கண்ணுசாமியைப் பார்க்கவில்லை. எல்லோரும் சிங்காரவேலுவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது இவர் என்ன செய்வார் என்று.

மூச்சை இழுத்து விட்டார். “வாஸ்தவந்தான் கண்ணுசாமி. எங்கம்மா மீன்கூடைதான் தூக்குனாங்க. எங்க ஊர்ல மடையும் கெடையாது, நாத்தங்காலும் கெடையாது. அதனாலதான் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கலாம்னு வந்திருக்கேன். நீங்க சொந்த சாகுபடின்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. நீங்களே மொதல்ல சொல்லிக் குடுங்க. இந்த வயலுக்குத் தண்ணி எதுல வருது?”

கண்ணுசாமி களத்துக்கு வந்து நெல் அளந்து பார்ப்பார். வயலில் இறங்கியவர் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்து, கீழ்க்கோடியில் சிமெண்டு போட்ட ஒரு பெரிய கண்வாயைக் குடையால் காட்டினார். “அதோ, அதுலதான்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கம்மாள். புருஷன் போனபின் தனியாக உழுது வருகிறவள். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏம்மா சிரிக்கிறீங்க?” என்றார் சிங்காரவேலு.

தங்கம்மாள் கண்ணுசாமியைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள். பதில் வருகிற வரைக்கும் அவர் பேசவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அது வடிகாலுங்க அய்யா” என்றாள். “அதுல தண்ணி போவும். வராது.”

கூட்டம் முழுவதும் சிரித்துவிட்டது. அந்த இரைச்சல் அடங்கட்டும் என்று காத்திருந்து, “அப்ப எதுல வருது?” என்று கேட்டார்.

“தோ, இந்த மடைதான். இதுவும் பெரிய தண்ணி வந்தா ஒடைஞ்சுக்கும். நண்டு வளை சாஸ்தி. நாலு வருசம் முந்தி வெள்ளத்துல பிச்சுக்கிட்டுப் போச்சு, நானும் எம் மாமியாளும் வாழமட்டை வச்சு, களிமண்ணு வெட்டிக் கொட்டி…” சொல்லச் சொல்ல அவளுக்குக் கை வந்தது. எழுந்து நின்று காட்டினாள். “அந்த ஈசானி மூலை பள்ளங்க. அங்க நாத்து அழுவிப் போவும். ரெண்டாந்தரம் நடணும்.”

“அது இவ சொல்ற மாதிரி பள்ளம் இல்லீங்க, உப்புப் பூத்த மண்ணு” என்று குறுக்கே விழுந்தார் ஒருவர். “என் வயலு ஒட்டுனாப்ல இருக்கு, எனக்குத் தெரியாதா?” உடனே இன்னொருவர், அவர் சொல்வதும் தப்பு என்றார். ஆவணி மாதம் ஒரு வார்த்தை பேசாதவர்கள் ஒருவரை முந்திக்கொண்டு ஒருவர் பேசினார்கள். அம்சத்தின் பென்சில் பறந்தது.

“ஏ தங்கம்மா!” என்று கத்தினார் கண்ணுசாமி. “யோசிச்சுப் பேசு. நாளைக்கும் இந்த ஊர்லதான் குடியிருக்கணும்.”

பேச்சு சட்டென்று நின்றது. தங்கம்மாள் அப்படியே குந்திவிட்டாள். அடுத்து நடக்கிறதில்தான் எல்லாம் இருக்கிறது என்று சிங்காரவேலுவுக்குத் தெரிந்தது. பழைய ஆளாக இருந்தால் கண்ணுசாமியின் மேல் பாய்ந்திருப்பார். இன்றைக்கு அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; குந்தியிருந்தவர்களையே பார்த்துப் பேசினார்.

“பேரு பதிஞ்சா நெலத்தை விட்டு உங்களை எறக்க முடியாது. அதுக்குச் சட்டம் இருக்கு. ஆனா நாளைக்கு யாரும் உங்களை மொறைக்க மாட்டாங்கன்னு நான் சொன்னா அது பொய். அந்தப் பொய்யை நான் சொல்ல மாட்டேன். பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. அதுல ஒரு தப்பும் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க. நான் சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

சொல்லிவிட்டு வாயை மூடினார். ஒரு கொக்கு வந்து வரப்பில் இறங்கியது. எதிர் வயலில் நாற்றுமுடி கிடந்தது. எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. அவருக்கு அதுவரை வாழ்க்கையில் அப்படியொரு நேரம் பேசாமல் இருந்த ஞாபகம் இல்லை.

வைரக்கண்ணு எழுந்தார். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“பயமாத்தாங்க இருக்கு” என்றார். “இருந்துட்டுப் போவட்டும். எழுதிக்கங்க. வைரக்கண்ணு. தென்கரைத் துண்டு, ஒன்னரை ஏக்கரு. எங்கப்பன் காலத்துலேர்ந்து நாங்கதான் உழுவுறோம்.”

“என்னதையும் எழுதிக்கங்க” என்றாள் தங்கம்மாள்.

அதற்குப் பிறகு வரிசை நிற்கவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். எது மடை, எது வடிகால், எங்கே எலி வெட்டும், எந்த வரப்பில் யார் தென்னம்பிள்ளை வைத்தது என்று சொன்னார்கள். சிங்காரவேலுவின் வேட்டி முழங்கால் வரை சேறாகிவிட்டது. வெயில் தாழும்போது முப்பத்தெட்டு வாக்குமூலங்கள் சேர்ந்திருந்தன. மூன்று குடும்பங்கள் மட்டும் ஒதுங்கி நின்றன. “உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப குடவாசலுக்கு வாங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்” என்று அவர்களிடம் சொன்னார்.

கண்ணுசாமி குடையை மடக்கித் தனியாக நின்றுகொண்டிருந்தார். கும்பகோணத்துக்குப் போய் என்ன சொல்வதென்று அந்த மனிதருக்குள்ளும் ஒரு நடுக்கம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. சிங்காரவேலு அவரிடம் போனார்.

“உங்க ஆட்சேபணை என்னன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம எழுதிக்கிறேன். மொதலாளி கேட்டா, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன், அதிகாரி எழுதிக்கிட்டாருன்னு காட்டலாம். நகலும் தர்றேன்.”

கண்ணுசாமி அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். “காலையில நான் பேசுனது…” என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். ஆட்சேபணையைச் சொல்லி, படிக்கக் கேட்டு, கையெழுத்துப் போட்டார்.

அந்த மூன்று குடும்பங்களில் இரண்டு அடுத்த வாரமே குடவாசலுக்கு வந்து பெயர் கொடுத்தன. ஒன்று கடைசி வரை வரவில்லை. நிலக்காரர் தஞ்சாவூரில் அப்பீல் போட்டார். சொல்லிக்கொடுத்துச் சொல்ல வைத்த சாட்சியம் என்று அவருடைய வக்கீல் வாதாடினார். அப்பீல் அதிகாரி நாற்பது வாக்குமூலங்களையும் வரிசையாகப் படித்தார். நாற்பதிலும் நாற்பது வேறு வேறு வயல்கள் இருந்தன. வேறு வேறு பள்ளம், வேறு வேறு மேடு. உழாதவன் வாயில் வராத சங்கதிகள். தை மாதம் அப்பீல் தள்ளுபடியாயிற்று.

மாசியில் செம்பியநத்தம் பஞ்சாயத்துக் கட்டடத்தின் முன்னால் பதிவேட்டை வாசித்தார்கள். மூன்று கட்சிக்காரர்களும் மூன்று தட்டில் கல்கண்டு வைத்துக்கொண்டு, தங்களால்தான் இது நடந்தது என்று சொல்லி வழங்கிக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் மூன்று தட்டிலும் எடுத்துக்கொண்டார்கள். வாசிக்கும் வேலையை சிங்காரவேலு அம்சத்திடம் கொடுத்திருந்தார். அவர் ஜெக்கரியாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

முதல் பெயர் வைரக்கண்ணு. அவர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். ஐந்தாவதோ ஆறாவதோ தங்கம்மாள்.

“தங்கம்மாள், கணவர் பெயர் ரெத்தினம். சாகுபடி செய்பவர்” என்று வாசித்தாள் அம்சம்.

“இன்னொரு தரம் படி தாயீ” என்றாள் தங்கம்மாள்.

அம்சம் நிமிர்ந்து பார்த்தாள். அதே வரியை, இன்னும் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக மறுபடி வாசித்தாள். தங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுற்றி இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

“அப்ப எனக்கும் ரெண்டு தரம்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “மொதல்ல படிச்சவங்களுக்கும் திருப்பிப் படிக்கணும்!” என்று இன்னொரு குரல். வைரக்கண்ணுகூட எழுந்து நின்றுவிட்டார். அம்சம் சிங்காரவேலுவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையை ஆட்டினார், படியுங்கள் என்று. அவள் பக்கத்தைத் திருப்பி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நாற்பது பெயரும் இரண்டு இரண்டு முறை. ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். ஓரமாக நின்ற பறையடிக்கிறவர்கள், அவள் வாசித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து பொறுக்காமல், முப்பதாவது பெயரிலேயே அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மிச்சம் பத்துப் பெயரையும் அம்சம் அந்த அடிக்கு மேலே குரலெடுத்துக் கூவி வாசித்தாள்.